கால இயந்திரமும் கீழ்வீட்டு மனிதரும்

மத்ரஸாவில் ஓதி வளர்ந்த நம்மைப் போன்றோரிடம் மேனாட்டு விஞ்ஞானக் கற்பனைக் கதைகளைப் பற்றிப் பேச வரும் இளைஞர்கள், பெரும்பாலும் ஒரே வினாவைத்தான் எழுப்புகின்றனர். பரிணாமத்தை அடிப்படையாகக் கொண்ட கதையை ஒரு முஸ்லிம் படிக்கலாமா என்பதே அது. தாராளமாகப் படிக்கலாம் என்போம். ஆதம் (அலை) அவர்களின் படைப்பைப் பற்றிய நம் நம்பிக்கை, ஒரு கதாசிரியரின் கற்பனை பட்டு ஆட்டங்காணும் அளவுக்கு மெலிந்ததன்று. மேலும், எச். ஜி. வெல்ஸ் 1895-இல் வெளியிட்ட ‘கால இயந்திரம்’ என்னும் சிறு நாவலைப் பொறுத்தவரை, மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற ஆராய்ச்சி அதில் அறவே இல்லை. மனிதனை மனிதன் எங்கே கொண்டுபோய் வைக்கிறான் என்ற கவலையே அதில் நிறைந்திருக்கிறது.

கதை பலரும் அறிந்ததுதான். இலண்டனையடுத்த ரிச்மண்டில் வாழும் அறிஞர் ஒருவர், தாமே செய்த இயந்திரத்தில் ஏறி, கி.பி. 8,02,701-ஆம் ஆண்டை அடைகிறார். அங்கே உலகம் ஒரே தோட்டமாய்க் கிடக்கிறது. நான்கடி உயரமே உள்ள அழகிய சிறு மனிதர்கள் கனிகளை உண்டு, மலர் சூடி, சிரித்துத் திரிகின்றனர். ஈலாய் என்பது அவர்களுக்குப் பெயர். அவர்கள் உழைப்பதில்லை; படிப்பதில்லை; தம்முள் ஒருத்தி ஆற்றில் மூழ்கும்போதுகூடக் கைகொடுக்க ஒருவரும் அசைவதில்லை. வீனா என்னும் அப்பெண்ணை அறிஞரே கரையேற்றுகிறார். தோட்டத்தினிடையே நீரற்ற கிணறுகள் காணப்படுகின்றன. அவற்றின் அடியிலிருந்து இடையறாது இயந்திர ஓசை எழுகிறது. இறங்கிப் பார்த்தால், வெளுத்த மேனியும் ஒளி தாங்காத பெரிய கண்களும் உடைய மற்றோர் இனம் அங்கே வாழ்கிறது. மார்லாக் எனப்படும் அவர்களின் மேசைமீது இறைச்சி கிடக்கிறது. அது யாருடைய இறைச்சி என்பது அறிஞருக்குச் சிறிது சிறிதாக விளங்குகிறது. மேலே இருப்போர் பழைய முதலாளிகளின் வழித்தோன்றல்கள். கீழே இருப்போர் பழைய தொழிலாளிகளின் வழித்தோன்றல்கள். ஒரு காலத்தில் உணவும் உடையும் ஊட்டிய கைகள், இப்போது மந்தை மேய்க்கின்றன.

வெல்ஸ் இதனை வெறும் பயமுறுத்தலாக எழுதிவிடவில்லை. 1884-இல் உதவித்தொகை பெற்று இலண்டன் சவுத் கென்சிங்டனில் உள்ள விஞ்ஞானக் கல்லூரியில் சேர்ந்து, டார்வினின் பெரும் ஆதரவாளரான தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர் அவர். அக்காலத்தில் பரிணாமம் என்றாலே முன்னேற்றம் என்று பலர் மகிழ்ந்திருந்தனர். அது சரியன்று என்று ரே லங்கெஸ்டர் என்னும் உயிரியலறிஞர் 1880-இல் ஒரு சிறு நூலே எழுதினார். பாறையில் ஒட்டி வாழும் ஒருவகைக் கடற்பிராணி, இளமையில் வாலும் கண்ணும் உடையதாய் நீந்தித் திரிகிறது. பாறையில் ஒட்டிக்கொண்டபின் இரண்டையும் இழந்துவிடுகிறது. தேடாமலே உணவு கிட்டுமிடத்தில் உறுப்புகள் தேய்கின்றன. ஈலாய் மக்கள் அந்தப் பிராணியின் உடன்பிறப்புகளே.

இப்பகுதியைப் படித்தபோது நமக்கு இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் நினைவே எழுந்தது. 1332-இல் தூனிஸில் பிறந்த அப்பெரியார், 1377-இல் கல்அத் இப்னு ஸலாமா என்னும் கோட்டையில் ஒதுங்கியிருந்து தம் ‘முகத்திமா’வை எழுதினார். சுகபோகத்தை அவர் ‘தரஃப்’ என்ற சொல்லால் குறிக்கிறார். செல்வச் செருக்கில் மூழ்கியோரைக் குறிக்கக் குர்ஆன் ஆளும் ‘முத்ரஃபீன்’ என்பதும் அதே வேரினின்று பிறந்த சொல்தான். பாலையின் கடுமையில் ஒன்றுபட்டு நின்று அரசை அமைப்பது முதல் தலைமுறை. அதன் நினைவில் வாழ்வது இரண்டாம் தலைமுறை. சுகத்தில் மூழ்கித் தன்னைக் காக்கவும் பிறரை நாடுவது மூன்றாம் தலைமுறை. தலைமுறைக்கு 40 ஆண்டுகளாக, 120 ஆண்டுகளில் ஓர் அரசு முதுமை எய்திவிடும் என்பது அவர் கணக்கு. குடிகளைக் கூலியின்றி வேலை வாங்குவது நாட்டைப் பாழாக்கும் கொடுமைகளுள் மிகப் பெரியது என்றும் அவர் எழுதிச் சென்றார்.

இருவர் கூற்றும் ஒன்றுபோல் தோன்றினும், நடுவே ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. இப்னு கல்தூன் அவர்களுக்குச் சோம்பலும் வீரமும் பழக்கத்தின் விளைவுகள். பழக்கம் மாறினால் மனிதன் மாறுவான். வெல்ஸின் கதையிலோ பழக்கம் உடலுக்குள் இறங்கி உறைந்துவிட்டது. மார்லாக் மனந்திருந்தினாலும் அவன் கண்கள் பகலைத் தாங்கா. அநீதி இயற்கையாகிவிட்டபின் அதை எதிர்த்து வழக்குரைப்பது யார்? நாம் இந்நூலோடு பிணங்குவது இந்த இடத்தில்தான்.

உண்மையில் அப்படி இரண்டு இனங்களாக மனிதர் பிரியக்கூடுமா? எவ்வளவு காலமானாலும், கலப்பு அறவே நின்றாலன்றி ஓரினம் இரண்டாகாது என்கிறது உயிரியல். ஆண்டான் அடிமை என்ற பிரிவு எவ்வளவு கொடியதாயினும், அத்தகைய சுவரை அதனால் எழுப்ப முடிந்ததில்லை. அப்பாஸியக் கலீபாக்களில் பெரும்பாலோர் அடிமைத் தாய்மாரின் மைந்தர்கள். கலீபா மஃமூனின் தாயார் மராஜில் பாரசீக அடிமைப் பெண். ஃபிக்ஹு நூல்களில் ‘உம்மு வலத்’ என்றே தனிப் பாடம் இருக்கிறது. எசமானுக்குப் பிள்ளை பெற்ற அடிமைப் பெண்ணை விற்கலாகாது. அவன் மறைந்ததும் அவள் விடுதலை பெறுவாள். அந்த அமைப்பை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. அடிமைத்தனம் அடிமைத்தனந்தான். மேல்வீட்டின் இரத்தத்தில் கீழ்வீட்டின் இரத்தம் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்காகவே சொல்கிறோம்.

இனி, நம்மை நெடுநாள் உறுத்திய ஒன்றைச் சொல்ல வேண்டும். வெல்ஸ் மேல்வீட்டுக்காரர் அல்லர். 1866-இல் பிராம்லி என்னும் ஊரில், நொடிந்துகொண்டிருந்த ஒரு சிறு கடைக்காரருக்குப் பிறந்தார். கடைக்கு அடியில் இருந்த சமையலறையில் சிறுவனாக அமர்ந்து, தெருவோரக் கம்பியிடுக்கின் வழியே மேலே நடந்து போவோரின் காலணிகளை மட்டும் பார்த்து வளர்ந்தவர். 1907-இல் அந்தக் காலணிகளைக் கொண்டே ஏழ்மையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவருடைய தாயார் சஸெக்ஸில் உள்ள அப்பார்க் என்னும் மாளிகையில் பணியாளர்களை மேற்பார்க்கும் வேலையில் இருந்தார். அம்மாளிகையின் சமையற்கட்டு தனிக்கட்டடத்தில் இருந்தது. உணவு சுரங்கப்பாதை வழியே வந்து சேரும். அதைச் சுமப்போர் புல்வெளியில் தலைகாட்டுவதில்லை. இவற்றையெல்லாம் கண்ணால் கண்ட ஒருவர், கீழே இருப்போருக்கு ஏன் மனித முகத்தை மறுத்தார்? தாம் ஏறி வந்த கிணற்றில் மீண்டும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சமாக இருக்கலாம். நமக்கு அப்படித்தான் படுகிறது.

ஆயினும் நூலின் ஒரு மூலையில் அவர் உண்மையை ஒளித்து வைத்திருக்கிறார். எட்டு இலட்சம் ஆண்டுகள் கடந்து போகத் தேவையில்லை. அறிஞர் வீட்டு உணவறையிலேயே அது கிடைக்கிறது. உண்ணும்போது பணியாளர் அருகில் நிற்பதை அவர் வெறுப்பவராம். ஏதேனும் வேண்டுமானால் மணியடிக்க வேண்டும். போகிற போக்கில் எழுதப்பட்ட அந்தச் சிறு குறிப்பில்தான் கிணறு தோண்டத் தொடங்கியாயிற்று. எதிர்காலத்தில் மேசைமீது இறைச்சியைக் கண்டு நடுங்கிய அதே மனிதர், வீடு திரும்பியதும் முதலில் கேட்பது ஆட்டிறைச்சியைத்தான். நம் ஊர்களின் வலீமா விருந்துகளில் செல்வரும் எளியவரும் ஒரே சஹனைச் சுற்றியமர்ந்து உண்கின்றனர். அது நம் சமுதாயத்தின் அழகு. பின்கட்டில் சஹன் கழுவுவோரை எப்போது உண்பீர்கள் என்று நாம் கேட்டதுண்டு. அஸர் பாங்கு சொன்ன பிறகு என்றார்கள்.

ஹக்ஸ்லியின் பேரன் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-இல் எழுதிய நாவலில், பிரிவினை தானாக விளைவதில்லை, தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. கண்ணாடிக் குப்பிகளில் வளரும் கருக்களில், கீழ்த்தட்டுக்கென ஒதுக்கப்பட்டவற்றுக்கு உயிர்வளியைக் குறைத்துவிடுகிறார்கள். அறிவு மங்கிப் பிறந்தவன் தன் வேலையை வெறுக்க மாட்டான் அல்லவா! 2018-இல் சீனாவில் மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாகச் செய்தி வந்தபோது உலகம் திடுக்கிட்டது. அதைச் செய்த விஞ்ஞானிக்கு மறு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. விலை கொடுத்து வாங்கும் உடல்நலம் யாருடைய பிள்ளைக்குக் கிட்டும் என்ற வினா அன்றிலிருந்து கதைக்கு வெளியே வந்துவிட்டது.

மார்லாக்குகளுக்குத் திரும்புவோம். அறிஞர் அந்த எதிர்காலத்தில் பாழடைந்த அருங்காட்சியகம் ஒன்றைக் காண்கிறார். அங்கே நூல்களெல்லாம் மட்கிக் கந்தலாய்த் தொங்குகின்றன. ஈலாய் மக்களில் ஒருவரும் அவற்றைத் தொட்டதில்லை. நாற்பதாண்டு காலம் எழுத்தறிவித்து வரும் நமக்கு அந்த இடத்தைக் கடப்பது கடினமாயிருந்தது. பின்னர், திருடப்பட்ட தம் இயந்திரத்தை அறிஞர் மீண்டும் காணும்போது, மார்லாக்குகள் அதைத் துடைத்து எண்ணெயிட்டு வைத்திருக்கின்றனர். அதன் பயன் யாதெனத் தம் மங்கிய அறிவால் அறிய முயன்று, பகுதி பகுதியாகக் கழற்றியும் பார்த்திருக்கலாம் என்று அவரே ஐயுறுகிறார். அந்த உலகில் ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்பியவர்கள் அவர்கள் மட்டுமே. அறிஞரோ இருளில் அவர்களை அடித்து விலக்கி, சட்டைப் பையிலிருந்த நெம்புகோலைப் பொருத்தி ஏறிச் சென்றுவிடுகிறார்.