சிம்லாவின் குளிர்காலமும் எங்கள் பூத்தொட்டிகளும்

கால்காவிலிருந்து சிம்லாவுக்கு வரும் சிறிய ரயிலைப் பற்றி நம் சங்கத்து அன்பர்கள் பலர் கேள்வியுற்றிருப்பார்கள். தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். 1903-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் திறக்கப்பெற்ற இப்பாதை, 656 மீட்டர் உயரத்திலுள்ள கால்காவில் தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட குகைகளுக்குள் புகுந்து வெளிப்பட்டு, 96 கிலோமீட்டர் ஓடி, 2,076 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லாவை வந்தடைகிறது. 2008-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. முதன்முறை வருவோர் குகைகளை எண்ணிக்கொண்டு வருவார்கள். பாதி வழியில் எண்ணிக்கை தவறிப்போகும். உத்தியோக நிமித்தம் நான் மாற்றலாகி வந்தபோது என் கண்ணை ஈர்த்தவை குகைகளல்ல. வழிநிலையங்களின் நடைமேடை ஓரங்களில் வரிசையாக வைக்கப்பட்டிருந்த பூத்தொட்டிகள். சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் குலுங்கிய அவற்றைக் கண்டு, ‘பூவுக்குப் பஞ்சமில்லாத ஊருக்கே போகிறோம்’ என்று என் மனைவி மகிழ்ந்தாள். அது செப்டம்பர் மாதம்.

டிசம்பர் வந்ததும் நிலைமை வேறாயிற்று. நம் மொழியில் ‘பனி’ என்ற ஒரே சொல்லால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியையும் குறிக்கிறோம். கூரைமேல் ஓரடி உயரத்துக்குப் படிந்து கிடக்கும் வெண்பொதியையும் குறிக்கிறோம். முன்னது முகத்தைக் கழுவும். பின்னது குழாய்த் தண்ணீரைக் கல்லாக்கும். 1971 ஜனவரி 25-ஆம் நாள், இமாசலப் பிரதேசம் தனி மாநிலமானதை இந்திரா காந்தி அம்மையார் இங்குள்ள ரிட்ஜ் திடலில் அறிவித்தபோது வெண்பனி பொழிந்துகொண்டிருந்ததாம். அதனை ஆசியாகவே இவ்வூர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். கீழே சமவெளியிலிருந்து வரும் செண்டுப்பூ மாலைகள்தாம் கடைத்தெருவில் விற்கும். கனத்த பனி விழுந்து சாலை அடைபட்டால் அவையும் வாரா.

இதில் எங்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. என் தகப்பனார் காலமான பிறகு, அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து என் தாயாரை அழைத்து வந்தோம். அம்மாவுக்குக் காலையில் குளித்து, சுவாமி படத்துக்கு ஒரு பூவாவது சாற்றிய பின்னரே காப்பி குடிக்கும் வழக்கம். அறுபது வயதுக்கு மேல் மாற்றிக்கொள்ளக்கூடிய வழக்கமன்று. மாற்றிக்கொள்ளச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. முதல் பனி விழுந்து மூன்று நாள் கடைத்தெருவே முடங்கியபோது, அம்மா படத்தின் முன் சற்று நேரம் வெறுங்கையோடு நின்றுவிட்டு, பிற்பகல் வரை ஒன்றும் அருந்தாமல் இருந்தார்கள். ஊரிலிருந்த என் தம்பி, “மதினியையும் அண்ணனையும் சிரமப்படுத்தாமல் நீ இங்கே வந்துவிடு அம்மா” என்று தொலைபேசியில் சொன்னான். அம்மாவும், “பூவில்லாத ஊரிலே நான் எப்படிய்யா இருப்பேன்?” என்றார்கள். அடுத்த குளிர்காலத்துக்குள் வீட்டிலேயே பூ உண்டாக்க வேண்டும், இல்லையேல் அம்மா ஊர் திரும்பிவிடுவார்கள் என்பது தெளிவாயிற்று.

நான் தாவரநூல் கற்றவனல்லன். பள்ளியிறுதி வகுப்போடு நின்று ரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்தவன். ஆயினும் நிலையத்துத் தோட்டக்காரரிடமும், பக்கத்து வீட்டுப் பஹாடி மூதாட்டியிடமும் கேட்டறிந்தவற்றையும், இரண்டு குளிர்காலங்களில் கண்ணால் கண்டவற்றையும், வடக்கே குளிர்ப் பிரதேசங்களில் குடித்தனம் நடத்தும் சகோதரிகளுக்குப் பயன்படுமென்று எழுதுகிறேன்.

செடியைக் கொல்வது குளிர் ஒன்றே என்று நாம் எண்ணுகிறோம். முதற் குறை வெளிச்சமே. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் திருநெல்வேலியில் பகல் 11½ மணி நேரத்துக்குக் குறையாது. சிம்லாவிலோ பத்து மணிக்குச் சற்றுக் கூடுதல்தான். அதிலும் கதிரவன் தெற்கே தாழ்ந்து சாய்ந்து செல்வதால், மலையின் வடசரிவு வீடுகளில் வெயில் எட்டிப் பார்ப்பதே அரிது. அங்கே விழுந்த பனி வாரக்கணக்கில் உருகாது. 1864 முதல் இவ்வூரைக் கோடைத் தலைநகராக வைத்திருந்த வெள்ளையர், தாழ்வாரங்களைக் கண்ணாடியால் அடைத்து வீடு கட்டினார்கள். நாங்கள் குடியிருக்கும் பழைய வீட்டிலும் தெற்குப் பார்த்த அத்தகைய தாழ்வாரம் ஒன்றுண்டு. வெயில் ஏறிய பகலில் அது சென்னை மாசி மாதம்போல் இதமாயிருக்கும். வெளியே பனி படிந்து கிடந்தால் அதன்மேல் பட்டுத் திரும்பும் ஒளியும் உள்ளே வரும். பனிக்காலத்தில் பனியே செய்யும் ஒரே உபகாரம் அது.

இரவில் அதே கண்ணாடி பகையாகிவிடும். திரையை இழுத்து மூடும்போது தொட்டிகளைத் திரைக்கும் கண்ணாடிக்கும் இடையில் விட்டுவிட்டால், வீட்டின் வெப்பம் அவற்றை எட்டாது. இலைகள் விடிவதற்குள் கருகிப்போகும். மாலையில் தொட்டிகளைத் திரைக்கு உட்புறமாக எடுத்து வைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் விளக்கேற்றும் வேளையில் பிள்ளைகளுக்கு இதுவே முதல் வேலை.

அடுத்தது காற்றின் வறட்சி. வெளியிலிருக்கும் கடுங்குளிர்க் காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதனை அறைக்குள் கொணர்ந்து மின்கணப்பால் சூடேற்றினால் இன்னும் வறண்டு, நம் உதடு வெடிப்பதுபோல் மொட்டுகளும் காய்ந்து உதிரும். ஒரு தாம்பாளத்தில் கூழாங்கல் பரப்பி, கல்லின் தலை மூழ்காத அளவு நீர் ஊற்றி, அதன்மேல் தொட்டியை வைத்தால் நீர் ஆவியாகிச் செடியைச் சூழ்ந்து நிற்கும். கணப்பின் அருகே எந்தச் செடியும் கூடாது. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ‘அங்கீட்டி’ எனும் கரியடுப்பை மூடிய அறையில் வைத்து உறங்கி, நச்சுப் புகையால் உயிரிழப்போர் செய்தி மலைநாட்டில் அடிக்கடி வருகிறது. அப்புகைக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பூச்செடியை முன்னிட்டோ வேறெதை முன்னிட்டோ அந்தத் துணிச்சல் வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தாராளம் அதிகம். ஊரில் காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றிப் பழகியவர்கள் நாம். குளிர்காலத்தில் செடி மெல்லவே குடிக்கும். மிகுந்த நீர் வேரில் தேங்கி அழுகலாகும். விரலை மண்ணுள் ஒரு கணு அளவு நுழைத்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவதே முறை. அந்த நீரும் இரவே அறைக்குள் எடுத்து வைத்ததாயிருக்க வேண்டும். குழாயிலிருந்து நேராகப் பிடித்த பனிநீரன்று.

இனி எந்தச் செடி என்ற கேள்வி. அம்மா ஊரிலிருந்து நனைந்த துணி சுற்றிக் கொண்டுவந்த கனகாம்பரமும் குண்டுமல்லியும் எங்கள் ஆசைக்குரியவை. கனகாம்பரம் நம் தென்னாட்டு மண்ணுக்கே உரியது, வெப்பத்தை விரும்புவது. வீட்டிலேயே வெதுவெதுப்பான சமையலறை ஜன்னலில் அதற்கு இடம் கொடுத்தோம். உயிரோடிருந்தது, பூக்கவில்லை. மல்லிகையோ இலையுதிர்த்து உறங்கிவிட்டது. அதனை எழுப்ப முயலாமல், நீரைக் குறைத்து, ஒளிபடும் ஓரத்தில் விட்டுவைப்பதே நலம். மார்ச்சில் கிளை கழித்தால் ஜூனில் பூக்கும். துளசி உறைபனியில் ஓரிரவு நின்றாலும் மடியும் என்பதால் அதுவும் உள்ளேதான்.

ஆகவே குளிரை விரும்பும் பூக்களைத் தேடினோம். ஜெரேனியம் முதலில் வந்தது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த இச்செடி நாலைந்து மணி வெயில் கிடைத்தால் குளிர்காலத்திலும் செக்கச்செவேலெனக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். மண் சற்று வறண்டிருப்பதையே விரும்பும். ஆனால் அம்மா இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். “வாசமில்லாத பூ, இலையிலே வேறு என்னவோ நாற்றம், சுவாமிக்கு இதைப் போடலாமா?” என்பது அவர்கள் ஐயம். இதற்கு என்னிடம் சாஸ்திர ஆதாரம் ஏதுமில்லை.

அடுத்து வந்தது சைக்ளமென். மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் விளையும் கிழங்குச் செடி இது. இதழ்களைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு, பறக்கச் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சிபோல் நிற்கும். 10 முதல் 15 டிகிரி வெப்பத்தில்தான் இதற்குச் சுகம். சூடான அறையில் வைத்தால் இலை மஞ்சளித்துவிடும். வீட்டில் எந்த மூலையில் நாம் உட்கார மாட்டோமோ, வெளிச்சமுள்ள அந்த மூலை இதற்கு ஏற்றது. கிழங்கின் தலையில் நீர் படலாகாது. தட்டில் நீர் வைத்து, இருபது நிமிடம் உறிஞ்சவிட்டு, எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பிரிமுலாவும் இவ்வாறே குளிரை விரும்புவது. ஆனால் அதன் மண் காயக்கூடாது.

பிரேசில் நாட்டுக் காடுகளில் மரக்கிளைகளில் தொற்றி வளரும் கிறிஸ்துமஸ் கள்ளி ஒரு விந்தை. நீண்ட இரவைக் கண்டால்தான் அது மொட்டு வைக்கும். அக்டோபர் முதல் ஏறத்தாழ ஆறு வாரம், நாள்தோறும் பதின்மூன்று பதினான்கு மணி நேரம் இருள் வேண்டும். இடையில் விளக்கொளி பட்டால் கெட்டது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது எளிதன்று. நாங்கள் அந்தியில் அதன்மேல் காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, காலையில் எடுத்தோம். மொட்டு வந்தபின் தொட்டியை இடம் மாற்றினால் மொட்டெல்லாம் கொட்டிவிடும்.

இவை யாவும் கண்ணுக்கு விருந்தேயாயினும் அம்மாவின் குறையைத் தீர்த்தது நர்கிஸ் எனும் நறுமணப் பூவே. பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு நாள் முந்தானையில் வெங்காயம்போன்ற கிழங்குகளை முடிந்து கொண்டுவந்து, “மாஜி, இதைக் கல்லில் வையுங்கள், பனி விழும்போது கடவுளுக்குப் பூ கிடைக்கும்” என்று இந்தியில் சொல்லிக் கொடுத்தார். சிம்லாவைச் சுற்றிய மலைச்சரிவுகளில் குளிர்காலத்திலேயே மலரும் பூ அது. வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் கிண்ணம்; ஒரு தண்டில் பல பூக்கள். மணமோ கூடத்தில் வைத்தால் வாசல் வரை வரும்.

வளர்ப்பது மிக எளிது. ஆழமில்லாத கிண்ணத்தில் கூழாங்கல் நிரப்பி, கிழங்குகளை நெருக்கமாக அமர்த்தி, அடிப்பாகத்தை மட்டும் தொடுமாறு நீர் ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று வாரம் குளிர்ந்த, ஒளி குறைந்த இடத்தில் வேர்விட வைத்து, பின்னர் தெற்கு ஜன்னலுக்குக் கொண்டுவந்தால், வைத்த நாளிலிருந்து ஐந்தாறு வாரத்தில் பூக்கும். அக்டோபர் இறுதியில் தொடங்கி, பதினைந்து நாளைக்கு ஒரு கிண்ணமாக வைத்தோம். ரயில் வண்டிகளின் கால அட்டவணைபோல் ஒன்று போய் ஒன்று வந்தது. டிசம்பர் தொடங்கிப் பிப்ரவரி முடிய ஒரு நாளும் பூ இல்லாமல் போகவில்லை. அவ்வாண்டு ஜனவரியில் சாலை நான்கு நாள் அடைபட்டிருந்தது. எங்கள் வீட்டில் காப்பி வழக்கமான நேரத்துக்கே ஆயிற்று. தம்பி மறுபடி கூப்பிட்டபோது, “இங்கே ஒரு பூ இருக்கு; நம்ம பிச்சி மாதிரி இல்லை, ஆனாலும் மணக்குது. சித்திரை வரைக்கும் பார்க்கிறேன்” என்று அம்மா சொன்னது அடுத்த அறையிலிருந்த என் காதில் விழுந்தது. அந்தச் சித்திரை கழிந்து இப்போது இன்னொரு சித்திரையும் வரப்போகிறது.

ஓர் எச்சரிக்கை: நர்கிஸ் கிழங்கு நஞ்சுடையது. வெங்காயக் கூடையின் அருகே வைக்கவே கூடாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் உயரமான பலகையில் வைத்திடுக. நீரில் பூத்த கிழங்கு வலுவிழந்துவிடும். பூ முடிந்ததும் மண்ணில் நட்டு, இலை தானாகப் பழுக்கும் வரை விட்டுவைத்தால், ஓரிரண்டு ஆண்டில் மீண்டும் தேறும். மண்தொட்டியிலேயே நட்டு வளர்ப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் இல்லை.

மார்ச் இறுதியில் மலையெங்கும் புராண்ஸ் மரங்கள் சிவக்கத் தொடங்கும். அதைக் கண்டு அவசரப்பட்டுத் தொட்டிகளை வெளியே தள்ளிவிடக் கூடாது; இரவுக் குளிர் இன்னும் ஓய்ந்திராது. ஏப்ரலில் முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று நிழலில் வைத்துப் பழக்கி, பத்து நாளுக்குப் பின்னரே வெயிலுக்கு விடுக. ஜெரேனியத்தின் நீண்ட கிளைகளை அப்போது வெட்டி, அரை நாள் உலரவிட்டு மணலில் ஊன்றினால் அவையும் வேர்விடும். எங்கள் தாழ்வாரத்தில் இவ்வாண்டு அப்படி ஊன்றியவை ஒன்பது.