கார்டு போகலங்கப்பா!

ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்துகொண்டு வீட்டு கம்ப்யூட்டரை ரிமோட் டெஸ்க்டாப்பில் ஓட்டுபவரா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான். மத்தவங்களும் படிக்கலாம், நடுவில் எங்க அப்பா வர்றார்.

பன்னிரண்டாவது வரை இங்கிலீஷ் மீடியம் படிச்ச ஆள் நான். டெக்னிக்கல் விஷயத்தைத் தமிழில் எழுதுவது இதுதான் முதல் தடவை. 'டிரைவர்' என்று எழுதினால் லாரி ஓட்டுபவர்னு நினைச்சுக்காதீங்க.

அப்பாவுக்குக் கரூரில் சின்ன போட்டோ ஸ்டூடியோ. கல்யாண வீடியோ எடிட் பண்ண, சீட்டு எடுத்த பணத்தில் செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1660 கார்டு ஒன்று வாங்கினார். 6 ஜிபி. என் லேப்டாப்பில் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மாடலை ட்ரெயின் பண்ணினால் ஃபேன் சத்தம் மட்டும்தான் வரும். அதனால் பகலில் அப்பா, ராத்திரியில் நான் என்று ஏற்பாடு. "மெஷினை ஆஃப் பண்ணிராதீங்கப்பா, மானிட்டரை மட்டும் அணைச்சிடுங்க" என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

தை முகூர்த்த சமயத்தில் போன் வந்தது.

"கண்ணு, கார்டு போச்சாட்ட இருக்குது. டைம்லைன் நின்னு நின்னு நவுருது. காலையில ஸ்கிரீன் கருப்பா கெடக்குது. வந்தாலும் விண்டோ எல்லாம் சுருங்கி மூலையில நிக்குது."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"பண்ணிட்டேன் கண்ணு."

அன்று ராத்திரி ரிமோட்டில் போய்ப் பார்த்தேன். டெம்பரேச்சர் நார்மல். டிரைவரைக் கழற்றிப் புதுசாகப் போட்டேன். எல்லாம் நல்லாவே ஓடியது. "எனக்கு சரியாத்தான் தெரியுதுங்கப்பா" என்றேன். மறுநாள் காலையில் திரும்பவும் அதே கதை.

அப்பா கேபினட்டை மொபெட்டில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார். அங்கே ரெண்டு மணி நேரம் ஓட விட்டும் ஒரு குறையும் இல்லை. "தேஞ்சுபோன கார்டை என் தலையில கட்டிட்டீங்க" என்று சத்தம் போட்டுவிட்டு வந்திருக்கிறார். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத மனுஷன். இந்தப் பக்கம் பொண்ணு வீட்டிலிருந்து வீடியோ கேட்டு தினமும் போன்.

அந்த சனிக்கிழமை காலை ஊருக்குப் போய் அந்த மானிட்டர் முன்னாடி நானே உட்கார்ந்தேன். டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய், ஜிபியு மெமரி காலத்தை வரவழைத்துப் பார்த்தேன். 4 ஜிபிக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒரு பைத்தான் ப்ராசஸ். முந்தின ராத்திரி நான் ஓட்டிய நோட்புக்!

நடந்தது இதுதான். ரிமோட் விண்டோவில் எக்ஸ் அழுத்தினால் கனெக்ஷன் மட்டும்தான் அறும். செஷன் அப்படியே உயிரோடு இருக்கும், அதில் ஓடுகிற எல்லாமும் இருக்கும். ட்ரெயினிங் முடிந்தாலும் நோட்புக்கின் கெர்னலை நிறுத்தாதவரை அது மெமரியை விடாது. அப்பாவுக்கு மிஞ்சியது ரெண்டு ஜிபிகூட இல்லை. கார்டில் இடம் போதாதபோது விண்டோஸ் சாதா ரேமில் கொண்டுபோய் வைக்கும், அது ரொம்ப ஸ்லோ. டைம்லைன் நின்னு நின்னு நவுராமல் என்ன செய்யும்?

"ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னீங்களேப்பா?"

"மானிட்டரைத்தான கண்ணு? மெஷினை அணைக்கக் கூடாதுன்னியே."

கடையில் ஏன் நல்லா ஓடியது என்று அப்போதுதான் விளங்கியது. மொபெட்டில் ஏற்ற ஒயரைப் பிடுங்கியபோதே என் நோட்புக் செத்துப்போயிருக்கும்.

கருப்பு ஸ்கிரீன் வேறு கதை. ரிமோட்டில் நுழைந்ததும் விண்டோஸ் மானிட்டரை விட்டுவிட்டு ஒரு விர்ச்சுவல் டிஸ்ப்ளேவுக்கு மாறிவிடும். அது என் லேப்டாப்பின் 1366 × 768 அளவில் இருந்தது. அப்பா திறந்து வைத்திருந்த எடிட்டிங் சாஃப்ட்வேரும் அதோடு சேர்ந்து இழுபட்டு, காலையில் திரும்பி வரும்போது தடுமாறியது. நான் ஹாஸ்டலிலிருந்து பார்த்ததெல்லாம் அந்த விர்ச்சுவல் டிஸ்ப்ளேதான். கெட்டுப்போன ஸ்கிரீனை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவே இல்லை! பார்க்காமலேயே "சரியா இருக்கு"ன்னு தீர்ப்பு சொல்லியிருக்கிறேன்.

குரூப் பாலிசியில், ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷனுக்கு டபிள்யூடிடிஎம் டிஸ்ப்ளே டிரைவரைப் பயன்படுத்தும் செட்டிங்கை டிசேபிள் பண்ணி ரீஸ்டார்ட் செய்தேன். எங்க மெஷினில் கருப்பு ஸ்கிரீன் அதோடு போச்சு. உங்க மெஷினுக்கும் இதே மருந்துதான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் கெர்னலை நிறுத்தி, எக்ஸ் போடாமல் சைன் அவுட் பண்ணுவது எல்லாருக்கும் பொருந்தும். சைன் அவுட் பண்ணினால் திறந்திருக்கிற எல்லாமே மூடிவிடும் என்பதால், அப்பா முதலில் தன் வேலையை சேவ் பண்ணி மூட வேண்டும்.

கடைக்காரருக்கு நான்தான் போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்பாவை ஒருநாள் கடைப்பக்கம் டீ குடிக்க வரச் சொல்லுங்க தம்பி" என்றார். அப்பா இன்னும் போகவில்லை. கூச்சம்.

இப்போதெல்லாம் ராத்திரி பத்தரைக்கு மேலே வாட்ஸப்பில் அப்பாவிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட் வரும்: "மூடிட்டேன் கண்ணு, நீ வா."