ரப்பர் இலையில் சுரக்கும் தேன்

மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கு அப்படியொரு சந்தோஷம். அது எளிதாக வந்ததல்ல. 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் ‘தாய் சாக்புரூட்’ வைரஸ் தாக்கி, மார்த்தாண்டம் இருக்கும் குமரி மாவட்டத்தில் பெட்டி பெட்டியாகத் தேனீக்கள் அழிந்தன. அடையின் அறைக்குள்ளேயே புழுக்கள் நீர் கோத்த பை போலாகிச் செத்துக் கிடந்தன. பலர் தொழிலையே விட்டார்கள். விடாதவர்கள், நோய்க்குத் தப்பிய கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். பெட்டிகளில் வளர்க்கும் அடுக்குத் தேனீ அங்கே மீண்டது அவர்களால்தான்.

மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் மரம் தளிர்க்கும்போது, இலைக்காம்பில் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில் மினுங்கும் இனிப்புத் துளியைத்தான் தேனீ உறிஞ்சுகிறது. ஆனால் அதில் மகரந்தம் இல்லை. புழுக்களை வளர்க்க மகரந்தம் வேண்டும். அதற்குத் தென்னையும் முருங்கையும் வேலியோரப் பூக்களும் இருக்க வேண்டும்.

அதனால்தான் கேட்கிறேன், நண்பர்களே. களைக்கொல்லி அடித்து வேலியோரத்தை மொட்டையாக்காதீர்கள். பயிருக்கு மருந்து அடித்தே ஆகவேண்டுமென்றால், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு அந்தியில் அடியுங்கள். வீட்டில் தேனீ கூடு கட்டினால் தீ வைக்காதீர்கள். பக்கத்தில் தேனீ வளர்ப்பவர் யாரென்று விசாரித்துக் கூப்பிடுங்கள்.