மீட்டருக்கு மேலே

"மீட்டருக்கு மேல இருபது ரூபா போட்டுக் குடு சார்!"

சென்னையில் ஆட்டோ ஏறிய யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. சண்டை போட்டிருப்போம், முணுமுணுத்துக்கொண்டே கொடுத்திருப்போம். இது பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் பாடம் என்று யோசித்திருக்க மாட்டோம். எனக்கும் அது உறைத்தது, என் அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராஃப் நோட்டும் கையுமாக வந்து நின்றபோதுதான்.

"மாமா, எக்ஸ் ஸ்கொயருக்குப் படம் போட்டா கிண்ணம் மாதிரி வருது. அதோட 3 கூட்டினா கிண்ணம் மூணு கட்டம் மேல போகுது. ஓகே. ஆனா அடைப்புக்குறிக்குள்ள எக்ஸ் மைனஸ் 3-னு போட்டு ஸ்கொயர் பண்ணா வலது பக்கம் போகுது. மைனஸுன்னா இடது பக்கம்தானே போகணும்?"

மிஸ்ஸைக் கேட்டாளாம். "உள்ளே இருந்தா எல்லாம் தலைகீழ், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று பதில் வந்ததாம். நான் பி.காம். பரவளையத்துக்கும் எனக்கும் பெரிய பழக்கம் கிடையாது. ஆனால் ஆட்டோவோடு உண்டு.

2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு ஒரு கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். தாய்க்கோடு எது? பூஜ்யத்தில் கிளம்பி, கிலோமீட்டருக்கு 12 ரூபாயாக ஏறுகிற ஒரு நேர்கோடு. அதை அலாக்காகத் தூக்கி 25 கட்டம் மேலே, 1.8 கட்டம் வலது பக்கம் வைத்தால் ஆட்டோ கட்டணம் ரெடி. சாய்வு மாறவில்லை, கோடு இடம்தான் மாறியிருக்கிறது.

சரி, ஏன் வலது பக்கம்? மீட்டர் என்ன செய்கிறது? நீங்கள் போன தூரத்திலிருந்து 1.8-ஐக் கழித்துவிட்டு, மிச்சத்தை 12-ஆல் பெருக்குகிறது. ஆக, 1.8 கிலோமீட்டர் போன பிறகும் அதன் கணக்கில் நீங்கள் பூஜ்யத்தில்தான் நிற்கிறீர்கள். பூஜ்யத்தில் தொடங்க வேண்டிய ஏற்றம் 1.8-ல் தொடங்குகிறது. கழித்தால் ஆரம்பம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் வலது பக்கம். கிண்ணமும் அப்படித்தான். அதன் அடிப்பாகம் உட்காருவது அடைப்புக்குறி பூஜ்யமாகும் இடத்தில். எக்ஸ் 3 ஆனால்தான் எக்ஸ் மைனஸ் 3 பூஜ்யம்.

"அப்ப பிளஸ் 3-ன்னா, ஏறி உட்காரும்போதே மீட்டர் மூணு கிலோமீட்டர் காட்டுற மாதிரியா?" என்றாள். அதேதான்! ஊரில் 'சூடு வச்ச மீட்டர்' என்பார்களே, அது வேறு ரகம். ஒரு கிலோமீட்டர் போனால் ஒன்றேகால் என்று காட்டும். அங்கே எக்ஸையே ஏதோ ஒன்றால் பெருக்கிவிடுகிறார்கள், படம் பக்கவாட்டில் நெருங்கிவிடும். ராத்திரிக்கு ஒன்றரை மடங்கு என்பது மொத்தத்தையும் உயரவாக்கில் இழுப்பது. நமது ஆட்டோக்காரர் கேட்கும் 'மேல இருபது' சுத்தமான செங்குத்து நகர்வு.

அவள் போன பிறகும் எனக்கு அந்தக் கோடு விடவில்லை. அடைப்புக்குறியைப் பிரித்துப் பார்த்தேன். 1.8-ஐ 12-ஆல் பெருக்கினால் 21.60. மேலே ஏற்றிய 25-ல் அதைக் கழித்தால் 3.40. அதாவது, 1.8-ஐத் தாண்டிவிட்டால் மொத்தக் கட்டணமும் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், கூட வெறும் 3 ரூபாய் 40 காசு! நேர்கோட்டில் வலது நகர்வும் மேல் நகர்வும் ஒன்றையொன்று தின்றுவிடும். கிண்ணத்தில் அந்த ஜம்பம் பலிக்காது. 2007-ல் நிர்ணயித்த கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பிறகு 6 ரூபாய். அதில் இந்த மிச்சம் 2 ரூபாய்தான்.

இதை ஒரு டிரைவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு கிலோமீட்டர் போனாலும் பத்து கிலோமீட்டர் போனாலும், எறக்கி விட்டுட்டு அடுத்த சவாரிக்குக் காத்துக் கெடக்குற நேரம் ஒண்ணுதான் சார். அதுக்கு யாரு தருவா?"

காமர்ஸ்காரன் மொழியில் இது நிலையான செலவு. உற்பத்தி பூஜ்யமாக இருந்தாலும் கடை வாடகை கொடுக்கத்தானே வேண்டும்? அந்தச் செலவுக்கு 3.40 என்றால், 'பக்கத்துலயா? வராது சார்' என்று அவர் வண்டியைக் கிளப்புவதில் எனக்கு இப்போது கோபம் வருவதில்லை. பேரம் எரிச்சல்தான். ஆனால் அவர் கேட்டது விடுபட்டுப்போன மாறிலியை.

2025 பிப்ரவரியில் ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே ஒரு கட்டணம் அறிவித்தன. அரசு அறிவிப்பு அல்ல. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, பிறகு 18. பிரித்துப் பாருங்கள், மிச்சம் 17.60. 3.40 எங்கே, 17.60 எங்கே! டிரைவரின் கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது.

ஆனால் அந்தப் பதிலுக்கு யார் பணம் தருகிறார்கள்? 10 கிலோமீட்டர் போகிறவருக்கு 123.40 என்பது 197.60 ஆகிறது, சுமார் 60 சதவீதம் ஏற்றம். 2 கிலோமீட்டர் போகிறவருக்கு 27.40 என்பது 53.60. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த 2 கிலோமீட்டருக்கு ஆட்டோ பிடிப்பவர்கள் யார் என்று எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் நின்று பார்த்தால் தெரியும். முட்டி வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டி, கைக்குழந்தையோடு ஒரு பெண், மாவு அரைக்க அரிசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிற தாத்தா.