துண்டுக்கும் குளிசைக்கும் இடையே

வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மருந்துக் குறிப்பை மட்டக்களப்புப் பிரதேசத்து மக்கள் ‘துண்டு’ என்றே கூறுவர். பெயர் எளிதாயினும் பொருள் எளிதன்று. கையளவு தாளில், அவசரமான கையெழுத்தில், ஆங்கிலப் பெயர்களும் இலத்தீன் மொழியின் குறுக்கங்களும் கலந்து எழுதப்படும் அத்துண்டினை அதனைச் சுமந்து செல்லும் நோயாளியால் வாசித்தறிய முடியாது. வாசிப்பவர் மருந்தாளர். வாசித்ததை மருந்தாக எடுத்து வைப்பவரும், எடுத்ததை எவ்வாறு உட்கொள்ள வேண்டுமென நோயாளியின் மொழியிற் சொல்பவரும் அவரே. துண்டிலே ஒரு பிழை நேர்ந்திருக்குமாயின், அதனைக் கண்டுபிடிக்கக்கூடிய கடைசி மனிதரும் அவரே. இத்தகைய பொறுப்புக்கு ஒருவர் எவ்வாறு ஆளாக்கப்படுகிறார் என்பது நம்மவரிடையே அதிகம் பேசப்படாத விடயமாகும்.

பெரியகல்லாறு கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நீரிடையே ஒடுங்கிக் கிடக்கும் ஊர். வடக்கே கோட்டைக்கல்லாற்றையும் ஓந்தாச்சிமடத்தையும் தாண்டினாற் களுவாஞ்சிகுடி. தெற்கே பெருவீதி வழியே சென்றாற் கல்முனை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அள்ளிச் சென்ற கரையோர ஊர்களுள் இதுவும் ஒன்று. பிள்ளைகளைப் படிப்பிப்பதையே பெருஞ் சேமிப்பாகக் கருதும் குடும்பங்கள் இங்கு அதிகம். உயர்தரத்தில் உயிரியற் பிரிவிற் பயிலும் பிள்ளையைச் சுற்றத்தார் முன்கூட்டியே ‘டொக்டர்’ என்று அழைத்துவிடுவதும் உண்டு. பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்குரிய புள்ளி சிறிதளவில் தவறிப்போகும்போது, அந்த அழைப்பு எவ்வளவு கொடியது என்பது அப்பிள்ளைக்குத்தான் தெரியும். அவ்வாறு தவறிய ஓர் இளைஞன், ஓராண்டு வீட்டுக்குள்ளேயே இருந்த பின்னர், கல்முனையிலுள்ள மருந்துக்கடை ஒன்றிற் பயிலுநனாகச் சேர்ந்தான்.

இலங்கையில் மருந்தாளர் தொழிலுக்கு அடிப்படையாக அமைந்த சட்டம் 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டமாகும். பல்கலைக்கழகங்களில் மருந்தாளர் பட்டப்படிப்பு இந்நூற்றாண்டிலேயே வேரூன்றியது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவரிடம் இரண்டாண்டு தொழில் பழகி, பின்னர் கொழும்பிலுள்ள இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபையின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்றும் வழி இருந்து வருகிறது. குருவிடம் இருந்து தொழில் கற்கும் பழைய முறையின் எச்சம் என்று அதனைக் கூறலாம். பட்டதாரிகள் சிலர் இவ்வழியைச் சற்று ஏளனமாக நோக்குவதுண்டு. நல்ல குரு வாய்த்தால் அந்த ஏளனத்திற்கு இடமில்லை. வாய்க்காவிடின் அது நியாயமானதே.

இளைஞனுக்கு வாய்த்தவர் அரச வைத்தியசாலையில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். 1970களிலே தொழில் பழகியவர். முதல் மூன்று மாதமும் அவர் இளைஞனைத் துண்டைத் தொடவே விடவில்லை. தூசு தட்டுதல், காலாவதித் திகதி பார்த்தல், பழையதை முன்னும் புதியதைப் பின்னுமாக அடுக்குதல், குளிசைகளைத் தட்டிலிட்டுக் கத்தியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுதல் ஆகியவையே வேலை. இரசாயனவியலிற் சித்தியெய்திய தனக்கு இது தகுமா என்று இளைஞன் மனத்துள் வெதும்பினான். ஆயினும் அம்மூன்று மாதத்திலும் அலுமாரி அவன் கண்ணுக்குள் வந்துவிட்டது. எந்த மருந்து எங்கே இருக்கிறது என்பது மட்டுமன்று, எந்த மருந்துக்கு அருகே எந்த மருந்து இருக்கலாகாது என்பதும் விளங்கிற்று. மெற்போமினும் மெற்றொனிடசோலும் அகர வரிசைப்படி அயலயலே வரவேண்டியவை. பெரியவரின் அலுமாரியிலோ அவை இரு வேறு மூலைகளில் இருந்தன. முன்னையது சீனி வருத்தத்துக்கானது. பின்னையது வயிற்றோட்டம் முதலிய சில கிருமித் தொற்றுகளுக்குரியது. அவசரக் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தொடங்கி ஒன்றுபோலவே மங்கிவிடும்.

துண்டு வாசிக்கத் தொடங்கிய நாளில் அவர் சொன்ன முதல் விதி, எழுத்தை ஊகிக்காதே என்பது. “பிறந்த பிள்ளைக்கும் பெரிய ஆளுக்கும் ஒரே அளவு எழுதியிருந்தா, எழுதினவர் பெரியவரெண்டு நினைச்சுப் பேசாம இருந்திராதே தம்பி. போனை எடு” என்பார். வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்து “ஐயா, இந்த அளவு சரிதானா?” என்று கேட்பதற்கு இருபது வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மறுமுனையிற் சிலர் நன்றி கூறினர், சிலர் சினந்தனர். சினந்தவர்களுட் சிலரும் அளவை மாற்றினர்.

பழைய கலவை மருந்துக் காலத்தைப் பெரியவர் அடிக்கடி நினைவுகூர்வார். நோயாளர் தத்தம் வீட்டிலிருந்தே போத்தல் கொண்டுவருவர். அதிலே மருந்தை வார்த்து, ஓரம் வெட்டிய கடதாசிப் பட்டி ஒன்றைப் போத்தலின் பக்கத்தில் ஒட்டி, ஒரு வெட்டுக்கு ஒரு வேளை என்று காட்டிக் கொடுப்பதுண்டு. வாசிக்கத் தெரியாதவருக்கும் அது விளங்கும். அறுபது மினிம் ஒரு டிறாம், எட்டு டிறாம் ஓர் அவுன்சு என்ற கணக்கு அவர் நாவில் இன்றும் தடையின்றி வரும். அஸ்பிரின் குளிசை 300 மில்லிகிராமாக இருப்பது ஏன் என்று இளைஞன் ஒருநாள் கேட்டபோது, அது பழைய ஐந்து கிறெயினின் வழித்தோன்றல் என்றும், அமெரிக்காவில் அதே ஐந்து கிறெயினை 325 ஆக்கிக் கொண்டார்கள் என்றும் விளக்கினார். புத்தகத்தில் எண்ணாகக் கிடந்தவை இவ்வாறு வரலாறு பெற்றன.

எனினும் இப்பயிற்சியின் கடினமான பகுதி இலத்தீனுமன்று, கணக்குமன்று, தமிழே. இதனை மருந்தியல் நூல்கள் எவையும் கூறமாட்டா. மூட்டுவாத நோய்க்குக் கொடுக்கப்படும் மெதொற்றெக்சேற் என்னும் மருந்து வாரத்திற்கு ஒருநாள் மட்டுமே உட்கொள்ளப்பட வேண்டியது. அதனை நாள்தோறும் உட்கொண்டு, எலும்பு மச்சை செயலிழந்து மாண்டோர் பல நாடுகளிலும் உண்டு. அதனோடு சேர்த்துக் கொடுக்கப்படும் போலிக் அமிலமும் பெரும்பாலும் அதே மஞ்சள் நிறச் சிறு குளிசையே. இளைஞன் கடித உறையிலே ‘கிழமைக்கு ஒன்று’ என்று தெளிவாக எழுதினான். பெரியவர் அதனை வாங்கி, வாங்கிலிருந்த மூதாட்டியிடம், “பெத்தா, இதை எப்பிடிக் குடிப்பீங்க?” என்றார். “திங்கக்கிழமைக்கு ஒண்டு, செவ்வாய்க்கிழமைக்கு ஒண்டு, அப்பிடித்தானே மகன்?” என்றார் அவர்.

ஈழத்தில் ‘கிழமை’ வாரத்தையும் குறிக்கும். வாரத்தின் ஒவ்வொரு நாளோடும் ஒட்டியும் வரும். அகராதிக்கு அது சுவையான செய்தி. அந்த மூதாட்டிக்கு அது உயிர்ப் பிரச்சினை. பெரியவர் உறையைக் கிழித்தெறிந்துவிட்டு, அவர் எந்த நாளிற் கோயிலுக்குப் போவார் என்று கேட்டு, ‘செவ்வாய்க்கிழமையில் மட்டும், மற்ற நாளிற் கூடாது’ என்று எழுதுவித்தார். பின்னர் அவரையே திருப்பிச் சொல்லவும் வைத்தார். சொல்லிக் கொடுப்பதோடு மருந்தாளரின் கடமை முடிவதில்லை, கேட்டவர் எதனைக் கேட்டார் என்று கேட்டறியும்போதே அது முடிகிறது என்பதை இளைஞன் அன்றுதான் கண்டான்.

இவ்வாறான இடர்கள் பல. ‘மூன்று வேளை’ என்றால் மூன்று சாப்பாடு என்றே பலர் கொள்வர். இரண்டு வேளை மட்டும் உண்பவர் இரண்டு குளிசையோடு நின்றுவிடுவார். ‘இரவில் ஒன்று’ என்பது இரவு முழுவதும் வாவியில் வலை போடுபவருக்கு எப்பொழுது? தடிமனுக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின் தூக்கம் தருவது. அதனை விழுங்கிவிட்டுத் தோணியில் ஏறுவது எத்தகையது? கல்முனைக் கடைக்கு முஸ்லிம் மக்களும் பெருந்தொகையாக வருவர். நோன்பு மாதத்தில் சீனி வருத்தக் குளிசையை எவ்வாறு எடுப்பதென்று கேட்கும் உம்மாவுக்குச் சொந்த விடை சொல்லாது, நோன்பு தொடங்கு முன்னரே வைத்தியரிடம் போய் வருமாறு சொல்லி அனுப்பவேண்டும். குழந்தைக்கான பாணி மருந்துத் தூளை, கொதித்தாறிய நீரை எந்தக் கோடு வரை விட்டுக் குலுக்குவது, ஏழு நாளின் பின் மிச்சத்தை ஏன் ஊற்றிவிட வேண்டும் என்பவற்றையும் விளக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய மருந்தை ஊற்று என்றால் எந்தத் தாய்க்கு மனம் வரும்? அடுத்த காய்ச்சலுக்கு உதவுமென்று பக்குவமாக எடுத்து வைப்பதே தாயின் இயல்பு.

விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லும் முயற்சி நமக்குப் புதிதன்று. மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியராக இருந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார்; ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூலும் அவரது முயற்சியால் 1875இல் வெளிவந்தது. பெரியகல்லாற்றுக்குத் தெற்கே, அதே கரையிலுள்ள காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1936இற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர்கள் கவலைப்பட்டது மாணவனுக்கும் ஆசிரியனுக்குமான தமிழ் பற்றி. மருந்து உறையின் மேல் இரண்டு வரியில் எழுதப்படும் தமிழ் பற்றிக் கவலைப்பட்டோர் அரிது. பயிலுநன் பரீட்சைக்கு ஆங்கிலத்திற் படிக்கிறான்; கடையிலே நாள் முழுவதும் தமிழில் மொழிபெயர்க்கிறான். அந்த மொழிபெயர்ப்புக்குப் புள்ளி வழங்கும் பரீட்சகர் எவருமில்லை.

மருந்தின் பெயர் பற்றிய இன்னொரு பாடமும் அவனுக்குக் கிடைத்தது. பேராசிரியர் சேனக பிபிலேயின் சிந்தனையின் பயனாக 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் வந்து மக்கள் பணத்தை உறிஞ்சுவதைத் தடுத்து, மருந்தின் பொதுப்பெயரால் வாங்குவதும் எழுதுவதுமே முறை என்று அவர் வாதிட்டார். 1977இல் அவர் மறைந்தார். அதே ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. இளைஞனுக்கு இவையெல்லாம் பரீட்சைக்குரிய குறிப்புகளாகவே இருந்தன. 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றி, அலுமாரியின் தட்டுகள் ஒவ்வொன்றாக வெறுமையாகியபோது அவை உயிர் பெற்றன. வழமையான பெயரில் மருந்து இல்லை. அதே மருந்து வேறு பெயரில் இருந்தது. பெட்டியின் நிறம் மாறினால் மருந்தே மாறிவிட்டதென்று அஞ்சும் முதியவரிடம், பொதுப்பெயரைக் காட்டி, இரண்டும் ஒன்றே என்று நம்பவைப்பது நாளாந்த வேலையாயிற்று. ஒரு மாதத்துக்கு எழுதப்பட்ட பிறசர் குளிசையிற் பத்து நாளுக்கு மட்டும் காசு எண்ணி வைத்தவர்களும் வந்தனர். அவர்களுக்குப் பத்தை எண்ணும்போது ஐந்தைந்தாகத் தள்ளும் கை இரண்டு முறையோடு நின்றுவிடும். அது பழகிப்போகாத கணக்கு.

இத்தொழிலின் பெருங்குறை ஒன்றையும் இங்கு சொல்லியாக வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் உட்பட, சட்டங்கள் வேண்டி நிற்பது மருந்தாளரின் நேரடிக் கண்காணிப்பை. நடைமுறையிலோ, சுவரிலே சட்டமிட்ட சான்றிதழ் தொங்க, அதற்குரியவர் மாதம் ஒருமுறை வந்து வாடகை பெற்றுச் செல்லும் கடைகளும் நாட்டில் உண்டு. அக்கடைகளில் துண்டு வாசிப்பவர், நேற்றுச் சேர்ந்த பையன். அவனுக்குக் கற்பிப்பார் இல்லை; பிழையைப் பிடிப்பாருமில்லை. “நாலு அமொக்சிசிலின் தாங்க” என்று துண்டில்லாமல் வந்து கேட்பவருக்கு இல்லையென்று சொல்ல அவனுக்குத் துணிவும் இல்லை, அதிகாரமும் இல்லை. இல்லையென்றால் அடுத்த கடை இருக்கிறது என்பார் முதலாளி. பயிலுநர் முறையின் மீது சொல்லப்படும் குற்றங்களுட் பெரும்பாலானவை உண்மையில் இந்த ஆளில்லா நாற்காலியின் மீதே சுமத்தப்பட வேண்டியவை.

இளைஞன் முதன்முறை தோற்றிய பரீட்சையிற் சித்தியெய்தவில்லை. இரண்டாம் முறை சித்தியெய்தினான். பெறுபேறு வந்த மாதத்திலேயே தூர ஊரொன்றிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. வேலைக்கு வரத் தேவையில்லை, சான்றிதழை மட்டும் தந்தாற் போதும், மாதாமாதம் பணம் வங்கிக்கு வரும் என்றார் அழைத்தவர். சொன்ன தொகை அவன் அப்போது பெற்ற சம்பளத்தின் பாதிக்கு மேல். தங்கையின் படிப்புச் செலவு முன்னே நின்றது. பழைய வீட்டின் கூரையும் மாற்ற வேண்டியிருந்தது. தாய் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதிருப்பதே ஒரு வகையிற் சொல்வதாகவும் இருந்தது. மூன்று நாளின் பின் அவனே அழைத்து, “அங்க துண்டு வாசிக்கிறது ஆரு?” என்று கேட்டான். “அதுக்கு ஒரு பொடியன் இருக்கான்” என்று விடை வந்தது. அந்தப் பொடியனுக்குத் துண்டு வாசிக்கச் சொல்லிக் கொடுப்பது ஆர் என்ற அடுத்த கேள்விக்கு விடை வரவில்லை. சான்றிதழ் போகவில்லை. பெரியவர் முதுமையால் வீட்டோடு இருக்கத் தொடங்கிய பின், அதே கல்முனைக் கடையிற் காலை முதல் இரவு கடைசி பஸ் வரை அவன்தான் நிற்கிறான். சென்ற தை மாதத்திலிருந்து பெரியநீலாவணையைச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை அங்கே பயிலுநராக இருக்கிறாள். இன்னும் துண்டைத் தொடவில்லை, குளிசை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.