மணல் வாயில்

பெரும்பாதை ஒன்று ஓர் ஊரைத் தொட்டுச் சென்றால், அந்த ஊருக்கு வாழ்வு வந்துவிட்டது என்கிறோம். பாதை எல்லோருக்கும் பொது என்றும் நம்புகிறோம். இந்த நம்பிக்கையை உரைத்துப் பார்க்க ஏற்ற உரைகல்லாக எனக்குத் தோன்றுவது, பிரான்சு நாட்டின் வடகோடியில் உள்ள சாங்கத் என்னும் கடற்கரைச் சிற்றூர்.

கலே துறைமுகத்துக்கு மேற்கே, மணற்கரையும் வெண்பாறைக் குன்றுமாக அமைந்த ஊர் அது. சில ஆயிரம் பேரே வாழ்கிறார்கள். ‘மணலில் உள்ள வாயில்’ என்பது ஊர்ப் பெயரின் பொருள் என்பர். வானம் தெளிந்த நாளில் எதிரே இங்கிலாந்தின் வெண்குன்றுகள் கண்ணுக்குத் தெரியும். இடையில் இருக்கும் டோவர் நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் அகலமே உடையது. உலகிலேயே கப்பல் போக்குவரத்து மிகுந்த நீர்வழிகளுள் அதுவும் ஒன்று.

அக்கரைக்குப் போக மனிதன் செய்த முயற்சிகளுள் பல இவ்வூர் மணலைத் தொட்டே நடந்துள்ளன. 1851இல் இங்கிலாந்திலிருந்து கடலடியில் இழுக்கப்பட்ட தந்தி வடம் இங்கேதான் கரையேறியது. 1880களின் தொடக்கத்தில் கடலுக்கடியே சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். சாங்கத் பக்கத்தில் 1,600 மீட்டருக்கு மேல் தோண்டிய பிறகு வேலை நின்றது. பாறை தடுக்கவில்லை, சுரங்கத்தின் வழியே பகைவர் படை வந்துவிடுமோ என்ற ஆங்கிலேயரின் அச்சமே தடுத்தது. 1909 ஜூலை 25 அன்று, இவ்வூரைச் சேர்ந்த லெ பராக் என்ற பகுதியிலிருந்து லூயி பிளேரியோ தம் சிறு விமானத்தில் கிளம்பி, ஏறத்தாழ 37 நிமிடங்களில் டோவரில் இறங்கினார். அப்பகுதி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

முன்பு நின்றுபோன கனவு 1988இல் மீண்டும் தொடங்கியது. 55 மீட்டர் விட்டம் கொண்ட மாபெரும் கிணறு ஒன்றைச் சாங்கத்தில் வெட்டி, அதன் வழியே எந்திரங்களை இறக்கினார்கள். 1990 டிசம்பர் 1 அன்று இரு நாட்டுத் தொழிலாளரும் கடலுக்கடியே கைகுலுக்கினர். 1994 மே 6 அன்று சுரங்கம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 50 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. வாகனங்களை ஏற்றிச் செல்லும் ரயில் அதைக் கடக்க எடுத்துக்கொள்வது சுமார் 35 நிமிடங்கள்.

இதுவரை வெற்றிக் கதை. இனி வருவதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது.

சுரங்கப் பணிக்காகப் பயன்பட்ட பெரிய கொட்டகை ஒன்று இவ்வூரில் இருந்தது. 1999 செப்டம்பரில் பிரெஞ்சுச் செஞ்சிலுவைச் சங்கம் அதில் அகதிகளுக்கு இடம் கொடுத்தது. ஆப்கானியரும் இராக்கியக் குர்தியரும் பெருவாரியாக வந்தனர். சில நூறு பேருக்கென அமைந்த இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படுத்துறங்கினர். பாதை அமைக்க எழுந்த கூரையின் கீழேயே, அந்தப் பாதையில் செல்ல உரிமையற்றவர்கள் தங்கினார்கள்! இரவில் வேலி தாண்டிச் சரக்கு ரயில்களில் தொற்றிச் செல்ல முயன்று உயிரிழந்தவர்களும் உண்டு. 2002 டிசம்பரில் இரு அரசுகளும் உடன்பட்டு அந்நிலையத்தை மூடின. ஆயினும் மக்கள் வருவது நிற்கவில்லை. வேலிகள் உயர்ந்தன, ரப்பர்ப் படகுகள் கடலில் இறங்கின. 2021 நவம்பர் 24 அன்று அப்படி ஒரு படகு நீரிணையில் மூழ்கி, குறைந்தது 27 பேர் மாண்டனர்.

ஊராரின் தொல்லையை நான் மறுக்கவில்லை. தம்மைவிடப் பெரிய கூட்டம் ஒன்று ஓராண்டில் வாசலில் வந்து நின்றால் எந்தச் சிற்றூர்தான் திகைக்காது? எல்லை காப்பது அரசின் கடமை என்பதையும் அறிவேன். ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பிளேரியோ கடந்ததும் அதே நீர்தான். அப்படகினர் மூழ்கியதும் அதே நீர்தான். அவருக்குக் கரையில் பரிசும் பாராட்டும் காத்திருந்தன. இவர்களுக்காகக் காத்திருந்தது என்ன?

தூரத்தை வெல்ல அறிவியல் கற்றுத் தந்துவிட்டது. 33 கிலோமீட்டர் இன்று ஒரு தூரமே அல்ல. கையில் ஒரு தாள் இல்லாதவனுக்கோ அது உலகின் மறுகோடி. இக்கல்லூரியில் பாலமும் பாதையும் அமைக்கும் அறிவைத் தேடும் நண்பர்கள் பலர் இருக்கிறோம். அமைத்த பாதையில் யார் நடக்கலாம் என்பதும் நம் பாடத்தில் சேர வேண்டிய கேள்வி என்று நான் எண்ணுகிறேன்.