சிஸ்டம்32க்குள் போக முதல்

கிளிநொச்சி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்ல முதலே லைன் வெட்டுப்பட்டுப் போச்சு. எழுதி அனுப்பினால் ரியூஷன் சென்ரரில் மேசையில் வைச்சுப் பார்த்துச் செய்வாய்.

இரணைமடுக் குளத்து வான்கதவுப் படங்களை வைச்சு உன்ரை சிநேகிதன் செய்து தந்த ஸ்கிரீன் சேவரை எந்தப் போல்டரில் போடுறது எண்டுதானே கேட்டனீ? சி டிரைவைத் திற. அதுக்குள் விண்டோஸ், அதுக்குள் சிஸ்டம்32. அங்கை பைலைக் கொப்பி பண்ணிவிட்டால் ஸ்கிரீன் சேவர் பட்டியலில் அதின்ரை பெயரும் வரும். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்கும், குடு. பாமினி எழுத்துப் போடுறதுக்கு விண்டோசுக்குள் இருக்கிற ஃபொன்ட்ஸ் போல்டருக்கு எத்தினை தரம் போய் வந்திருப்பாய்? இது அதுக்குப் பக்கத்து அறைதான்.

பைலில் வலது கிளிக் பண்ணினால் 'இன்ஸ்டோல்' எண்டும் ஒண்டு வரும். லேசான வழி எண்டு நினைக்காதை. அது பைலைக் கொப்பி பண்ணுறதில்லை, பைல் கிடக்கிற இடத்தை மட்டும் குறிச்சு வைக்கும். பென் ட்ரைவில் வைச்சு அப்பிடிச் செய்துபோட்டு ட்ரைவைக் கழட்டினால் ஒண்டும் ஓடாது.

பக்கத்தில் சிஸ்வவ்64 எண்டும் ஒரு போல்டர் கிடக்கும். 64 பிட் விண்டோசில் 64 பிட் பைல்கள் இருக்கிறது சிஸ்டம்32இல், 32 பிட் பைல்கள் இருக்கிறது சிஸ்வவ்64இல். தலைகீழ்தான், என்ன செய்யிறது! 32 பிட் இன்ஸ்டோலர் ஒண்டு சிஸ்டம்32க்குள் போடப் பார்த்தாலும் விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் மற்றதுக்குத் திருப்பிவிடும். போட்ட பைலைக் காணேல்லை எண்டால் அங்கை தேடு.

வழி இவ்வளவுதான். ஆனால் போடச் சொல்லி நான் சொல்ல மாட்டன்.

ஸ்கிரீன் சேவர் எண்டது எஸ்சிஆர் எண்டு முடியிற பைல், அதைப் படம் எண்டு நினைச்சிருக்கிறாய். அது முழுப் புரோகிராம், இஎக்ஸ்இ பைலுக்கு வேறை வால் ஒட்டினது மாதிரி. திறந்த உடனை என்னவும் செய்யலாம். வைரஸ் எழுதுறவங்களுக்கு இது கனகாலமாய்ப் பிடிச்ச வழி. விண்டோஸ் வழக்கமாய்ப் பைலின்ரை வாலைக் காட்டாது. அதாலை 'இரணைமடு.ஜேபிஜி.எஸ்சிஆர்' எண்டு பெயர் வைச்சால் உனக்குத் தெரியிறது ஜேபிஜி வரைக்கும்தான். போல்டரில் வியூ மெனுவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் எண்டதை இண்டைக்கே போட்டு விடு. சிநேகிதன் நல்ல பிள்ளைதான், ஆனால் அவன்ரை பென் ட்ரைவ் எத்தினை கடை ஏறி இறங்கியிருக்குமோ.

படம் ஓடுறதுதானே உனக்கு வேணும்? விண்டோசிலேயே போட்டோஸ் எண்டு ஒரு ஸ்கிரீன் சேவர் இருக்கு. செட்டிங்ஸில் 'ஸ்கிரீன் சேவர்' எண்டு தேடு, பட்டியலில் போட்டோசைத் தெரிவு செய், படங்கள் இருக்கிற போல்டரைக் காட்டு. சிஸ்டம்32 பக்கமே போகத் தேவையில்லை.

பள்ளிக்கூடக் கணக்காளர் சொன்னார் ஸ்கிரீன் சேவர் கரண்டை மிச்சம் பிடிக்கும் எண்டு. பிடிக்காது. படம் ஓடுற நேரம் முழுக்கத் திரை எரிஞ்சுகொண்டுதான் இருக்கும். 1983இல் ஜோன் சோச்சா சொஃப்ட்டோக் சஞ்சிகையில் வெளியிட்ட முதல் ஸ்கிரீன் சேவர், மூண்டு நிமிசம் ஆரும் தொடாட்டித் திரையைக் கறுப்பாக்கினது, அவ்வளவுதான். பழைய குழாய்த் திரையில் ஒரே எழுத்துக் கனநேரம் நிண்டால் தழும்பு விழும், அதுக்குத்தான். இப்பத்தை எல்சிடித் திரைக்கு அந்தத் தேவை இல்லை. கரண்ட் கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் பிறகும் 66 வீதம் ஏறினதை மறந்துபோனியோ? பிள்ளைகள் இருக்கிற நேரம் படம் ஓடட்டும், பத்து நிமிசத்துக்குப் பிறகு திரை தானாய் நிக்கிற மாதிரிப் பவர் செட்டிங்ஸில் போட்டு விடு.

சிநேகிதனிட்டை அந்தப் பைலைத் திருப்பிக் குடுத்து, மூலப் படங்களை மட்டும் கேட்டு வாங்கு. 2018 மார்கழி வெள்ளத்தில் வான்கதவு திறந்த படங்கள் அவனிட்டை இருந்தால் எனக்கும் ஒரு கொப்பி அனுப்பு.

அன்புடன்,
அக்கா